வெள்ளத்தாயி வளர்த்த சிவப்புக் குஞ்சுகள்

நல்லாப் படுத்துக்கோ வேணி. போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. என்ன, கதையா? என்கிட்டயா கேக்குறே? உங்கம்மா சொன்னா வரிசை பிசகாம வரும். நான் சொன்னா பருந்து வரவேண்டிய எடத்துல மழை வந்துரும், மழை வரவேண்டிய எடத்துல மதினி வந்து நின்னுருவா. அரைகுறையாப் படிச்சுட்டுப் பள்ளிக்கூடத்த விட்டவ நான். தப்பாச் சொல்லிவச்சா, நாளைக்கு நீ போயி அதையே உன் சேக்காளிகள்கிட்ட சொல்லுவே. அப்புறம் ஊர் பூரா தப்புக் கதை சுத்திக்கிட்டு இருக்கும். எனக்கு அந்தப் பயம்.

"பரவால்ல அத்தை. சொல்லு."

சரி, ஆனா ஒண்ணு. நான் எங்கயாவது பிசகினா நீ "ம்" கொட்டாதே. "ம்" நின்னா எனக்குத் தெரிஞ்சுரும், நான் திருத்திக்கிடுவேன். என்ன?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தா. அவ பேரு வெள்ளத்தாயி. என்ன பயம், ஏது பயம்னு கேக்காதே, எல்லாம் பயம். தென்னமட்டை தொப்புனு விழுந்தா பயம். பூனை குறுக்க போனா பயம், போன பூனை திரும்பி வரலேன்னா அதுக்கும் பயம். இடி இடிச்சா காதுல துணியை அடைச்சுக்கிட்டு பாய்த்தறிக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிடுவா. அவளும் அவ புருஷன் செல்லையாவும் கோரைப்பாய் நெய்யுறவங்க. வீட்டுக்குப் பின்னால கொட்டகை, கொட்டகையில தறி, தறிக்குப் பக்கத்துல கோரைக்குச் சாயம் போடுற பெரிய பானை. வாசல்ல கதவுக்குப் பதிலா ஒரு மூங்கில் படல். அவ்வளவுதான் வீடு.

ஊர்ல எல்லார் வீட்டுலயும் கோழி உண்டு. வெள்ளத்தாயி வீட்டுல மட்டும் இல்ல. ஏன்னா, "வளத்தா சீக்கு வரும், சீக்கு வந்தா செத்துப்போகும், செத்தா நான்தானே அழணும்"பா. ஆனா பக்கத்து வீட்டுல குஞ்சு பொரிச்சுட்டா வேலியில மூஞ்சியை வச்சுப் பாத்துக்கிட்டே நிப்பா. ஆசை இருக்கு, தைரியம் இல்ல. உனக்கு நீச்சல் கத்துக்கிட ஆசை இல்லையா, அந்த மாதிரி.

"ம்."

அவளுக்கு ஒரு மதினி. அண்ணன் பொண்டாட்டி, பக்கத்து வீடுதான். பேரு மாடத்தி. மாடத்தி நடந்து வந்தா தெரு ஓரமா ஒதுங்கும், அப்படி ஒரு குரல், அப்படி ஒரு நடை. அவ முற்றம் பூரா கோழி. ஒருநாள் மாடத்தி ஒரு புள்ளிக்கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தா.

"ஏட்டி வெள்ளத்தாயி, எத்தனை நாளைக்குத்தான் என் வீட்டு வேலியை மூஞ்சியால தேய்ப்பே? இந்தா, வாரத்துக்கு வச்சுக்கோ."

வாரம்னா என்ன தெரியுமா? கோழி அவங்களோடது, வளக்குறது நாம. பொரிச்ச குஞ்சு வளந்து கூவுற பருவம் வந்ததும் பாதி அவங்களுக்கு, பாதி நமக்கு. அது ஊர்ல எல்லாரும் பண்ணுறதுதான்.

"ஐயையோ மதினி, எனக்கு ஆகாது."

"வளத்துக் காட்டிட்டா பாதிக் குஞ்சோட இந்தப் புள்ளிக்காரியும் உனக்கே. காப்பாத்தத் தெரியலேன்னா தூக்கிட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் உன் வாசல்ல கோழி ரெக்கை கூட விழாது, பாத்துக்கோ."

வெள்ளத்தாயி கையை நீட்டலை. மாடத்தியே கோழியை அவ மடியில தொப்புனு போட்டா. அந்தப் புள்ளிக்காரி என்ன பண்ணுச்சு? ஓடலை. "கொர்ர்ர்"னு ஒரு சத்தம் போட்டுக்கிட்டு, அப்படியே மடியில வயித்தை அமுக்கிப் படுத்துருச்சு. கதகதன்னு இருந்துச்சு. அவ்வளவுதான், வெள்ளத்தாயி கவுந்துட்டா.

அப்புறம் ஒடஞ்ச சட்டியில மணலைப் போட்டு, புள்ளிக்காரி இட்ட முட்டையை அடுக்கி, ஓரமா ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் மிளகா வத்தலும் வச்சு அடை வச்சா. இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆயிருமாம், அதுக்குத்தான் இரும்பு. எல்லாரும் ஒரு ஆணி வைப்பாங்க. வெள்ளத்தாயி ஆணி, அரிவாமனை, பூட்டு, சாவி எல்லாத்தையும் கொண்டுவந்து சுத்தி வச்சா. செல்லையா பாத்துட்டு, "ஏ புள்ள, கோழி அடை படுத்துருக்கா, கொல்லன் பட்டறையில படுத்துருக்கா?"ன்னான்.

ஒரு காலையில சட்டிக்குள்ள "டிக்... டிக்..." அப்புறம் "கீச்!" அப்புறம் "கீச்சு கீச்சு கீச்சு!" மஞ்சளா, பஞ்சா, உருட்டி விட்டாப்புல குஞ்சுக.

"எத்தனை அத்தை?"

எண்ணக்கூடாது, கண்ணு பட்டுரும். ரெண்டு கை நிறைய அள்ளலாம், அவ்வளவுன்னு வச்சுக்கோ. அதுல கடைசியா வந்தது ஒரு கடைக்குட்டி. மத்ததெல்லாம் இடதுபக்கம் ஓடுனா அது வலதுபக்கம் ஓடும்.

அப்புறம்தான் வினை வந்துச்சு. ஒருநாள் புள்ளிக்காரி முற்றத்தைக் கிண்டி குஞ்சுகளுக்குப் புழு காட்டிக்கிட்டு இருக்கா. மேல ஒரு நிழல். புள்ளிக்காரி "கெக்கெக்கேஏ"ன்னு கத்துனா. அதுக்குள்ள சொய்ய்ய்ங்னு ஒரு பருந்து எறங்கி, லபக்குனு ஒரு குஞ்சைத் தூக்கிட்டுப் போயிருச்சு. வெள்ளத்தாயி கையில இருந்த விளக்குமாத்தை ஆகாசத்தைப் பாத்து வீசுனா. அது அவ தலையிலயே வந்து விழுந்துச்சு.

அழுதா. சோறு எறங்கலை. வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து மாடத்தி, "என்னட்டி, ஒண்ணு போச்சா?"ன்னா. "ம், போச்சு மதினி." "போகும் போகும். இன்னும் இருக்குல்ல, ஒண்ணொண்ணாப் போகும்."

அந்தப் பேச்சு வெள்ளத்தாயிக்கு சுருக்குனு தைச்சுது. பருந்துக்கு மஞ்சக் குஞ்சுதானே தெரியும்? மஞ்சளே இல்லேன்னா? சாயப்பானையில பாய்க்குப் போட்ட சிவப்புச் சாயம் ஆறிக் கெடந்துச்சு. அவ ஒவ்வொரு குஞ்சாப் பிடிச்சு, தலையை மட்டும் வெளிய வச்சுக்கிட்டு, முக்குனா, எடுத்தா. முக்குனா, எடுத்தா. வெயில்ல காயவச்சா. எல்லாம் செக்கச்செவேல்னு, செம்பருத்திப் பூவுக்குக் கால் முளைச்சாப்புல ஓடுச்சு.

ஆனா வெள்ளத்தாயி ஒண்ணை யோசிக்கலை. பருந்துக்கு அடையாளம் தெரியாம போனா, பெத்தவளுக்கும் தெரியாதே!

"ஐயோ!"

ஐயோதான். குஞ்சுக "கீச்சு கீச்சு"ன்னு தாயைப் பாத்து ஓடுச்சு. புள்ளிக்காரி கழுத்து மயிரைச் சிலுப்பிக்கிட்டு "இது யார் பிள்ளைக?"ன்னு ணங்கு ணங்குன்னு கொத்துறா. குஞ்சுக சிதறுது. திரும்பி வருது. மறுபடி ணங்கு. சாயங்காலம் ஆகப்போகுது, குளிர்ல தாய் ரெக்கை இல்லாட்டி குஞ்சு விறைச்சுரும். வெள்ளத்தாயி தலையில அடிச்சுக்கிட்டா.

செல்லையா சிரிச்சுக்கிட்டே, "பிள்ளைகளுக்குச் சாயம் போட்டவ தாய்க்கும் போட்டுற வேண்டியதுதானே"ன்னான். அவன் கேலிக்குச் சொன்னான். அவ நெசமாவே கோழியைத் தூக்கிப் பானையில முக்குனா! புள்ளிக்காரி சும்மா இருப்பாளா? படபடபடன்னு ரெக்கையை அடிச்சா. சுவரு சிவப்பு, தறி சிவப்பு, வெள்ளத்தாயி சிவப்பு, செல்லையா மீசை சிவப்பு. கோழி மட்டும் சிவக்கவே இல்ல, நழுவி ஓடிருச்சு.

அப்போ, பொழுது சாயுற நேரம், வெள்ளத்தாயி ஒரு ஓரமா உக்காந்து குஞ்சுகளைப் பாத்தா. கண்ணை மூடிக்கிட்டா. மூடுனா என்ன? "கீச்சு கீச்சு"தான் கேக்குது. நேத்துக் கேட்ட அதே கீச்சு கீச்சு. நிறம்தானே மாறிப்போச்சு, குரல் மாறலையே! மடமடன்னு எந்திரிச்சா. கோழியை அடைக்கிற பெரிய மூங்கில் கூடை இருக்குல்ல, பஞ்சாரம், அதைக் கவுத்தி, தாயையும் பிள்ளைகளையும் உள்ள விட்டு, மேல சாக்கைப் போட்டு மூடுனா. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. காதை வச்சுக் கேட்டா.

"கீச்சு..."

சத்தமில்ல.

"கீச்சு கீச்சு..."

அப்போ உள்ள இருந்து "கொக்... கொக்... கொக்..."

வாங்க வாங்கன்னு கூப்பிடுறா! இருட்டுல சிவப்பு ஏது, மஞ்சள் ஏது? எல்லாம் போயி ரெக்கைக்குள்ள அடைஞ்சுருச்சு. விடிஞ்சு சாக்கை எடுத்தா, புள்ளிக்காரி ஒரு தடவை உத்துப் பாத்தா. ராத்திரி பூரா வயித்துக்கு அடியில வச்சுக்கிட்டாச்சு, இனி என்ன கொத்துறது? "சரி, சிவப்பாவே இருந்துட்டுப் போங்க"ன்னு கூட்டிக்கிட்டு நடந்துட்டா.

பருந்து மறுபடி வந்துச்சு. வட்டம் போட்டுச்சு. சொய்ய்ங்னு பாதி தூரம் எறங்குச்சு. எறங்கிப் பாத்துட்டு, "என்ன எழவு இது, மிளகாப்பழம் கீச்சு கீச்சுனு கத்துது!"ன்னு விர்ர்ருனு மேல போயிருச்சு. பருந்துக்கு உறைப்பு ஆகாதுல்ல?

"ஹிஹி... ம்."

அப்புறம் என்னாச்சு, மதினி ஒரு கறிச்சட்டியோட வந்து படலுக்கு வெளிய... என்ன, "ம்" காணோம்? ஓ! இல்ல இல்ல, மதினி இப்போ வரமாட்டா. மழை! மழைதான் இப்போ. பாத்தியா, நான் சொன்னேன்ல.

"மழை. ம்."

ஒருநாள் செல்லையா பாய்க்கட்டைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டான். மத்தியானம் வெயில் பளபளன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு கருகருன்னு கூடிச்சு, காத்து ஊஊன்னு வந்துச்சு, அப்புறம் சடசடசடன்னு கோடைமழை. அதோட டமார்னு ஒரு இடி.

வெள்ளத்தாயி துணியைக் காதுல அடைச்சுக்கிட்டு தறிக்குப் பின்னாடி ஓடிட்டா. உக்காந்துட்டா. அப்போ துணியையும் மீறி ஒரு சத்தம், "கெக்கெக்கேஏ!" புள்ளிக்காரி வாழைக்கு அடியில ரெக்கையை விரிச்சு நிக்குறா. குஞ்சுக கொஞ்சம் வளந்துருச்சு, எல்லாம் ரெக்கைக்குள்ள அடங்கலை. பாதி வெளிய கெடந்து நனையுது. முற்றத்துல தண்ணி ஏறுது.

"டமார்!"

வெள்ளத்தாயி காதுல இருந்த துணியைப் பிடுங்கி எறிஞ்சா. முறத்தைத் தலைக்குப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டம். சளக்கு சளக்குன்னு சேத்துல. குஞ்சு குஞ்சாப் பொறுக்கி மடியில கட்டுனா. புள்ளிக்காரியை இடுப்புல இடுக்கிக்கிட்டா. எல்லாம் ஆச்சு, கடைக்குட்டியைக் காணோம். அங்க பாத்தா இல்ல, இங்க பாத்தா இல்ல. அப்புறம் பாத்தா, ஓடையோரத்துல ஒரு தேங்காச் சிரட்டை தண்ணியில சுத்திச் சுத்திப் போகுது. அதுக்குள்ள ராணி மாதிரி உக்காந்துருக்கு அது! எட்டிப் பிடிச்சு அதையும் மடியில போட்டா.

அடுப்பு வெதுவெதுன்னு இருந்துச்சு. பக்கத்துல பழைய சேலையை விரிச்சு எல்லாத்தையும் அதுல பொத்தி வச்சு, ஒவ்வொண்ணாத் தொடச்சா. ஒண்ணுகூடப் போகலை. சாயந்தான் போயிருச்சு.

மழை விட்டதும் செல்லையா வந்தான். முற்றத்துல சிவப்பாத் தண்ணி ஓடுது. இவ சேலை பூரா சிவப்பு. "ஏ புள்ள, யாரை வெட்டுனே?"ன்னு அலறிட்டான். அப்புறம் குஞ்சுகளைப் பாத்து மூச்சு விட்டான். "அது கெடக்கட்டும், அந்த இடி இடிச்சுச்சே, நீ என்ன பண்ணுனே?"

"இடியா? இடி எப்போ இடிச்சுச்சு?"ன்னா வெள்ளத்தாயி.

"ம்."

சாயம் போனா என்ன, அதுக்குள்ள குஞ்சுகளுக்கு நல்லா ரெக்கை முளைச்சுருச்சு, பருந்தால தூக்க முடியாது. எல்லாம் சரிதான்னு இருந்தப்பதான் கோழிச்சீக்கு வந்துச்சு. இப்போதான் மதினி. வரிசை சரிதானே?

"ம்... சரி..."

வெள்ளைக்கழிச்சல்னு ஒரு சீக்கு. கோழி தூங்கித் தூங்கி விழும், கழுத்து திருகிக்கும், அப்படியே போயிரும். அந்த ஊர்ல ஒரு பழக்கம். கோழி சொணங்குச்சுன்னா, சாகுறதுக்குள்ள அறுத்து, சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் ஒரு சட்டி கறி குடுத்து விடுவாங்க. பாசந்தான். வீணாப் போயிரக்கூடாதேன்னு. ஆனா வெள்ளத்தாயி பயந்தவளாச்சே, எங்க யாருக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சுக்கிட்டே இருப்பா. கீழத்தெருவுல இருந்து மேலத்தெருவுக்கு ஒரு சட்டி போச்சு, அப்புறம் மேலத்தெருக் கோழி விழுந்துச்சு. அங்க இருந்து கோயில் தெருவுக்குப் போச்சு, அங்கயும் விழுந்துச்சு. "சீக்குக்கு ரெக்கை இல்ல. சட்டியோடயும் ஆளோட காலோடயுந்தான் வருது"ன்னு அவ மனசுல பட்டுச்சு.

உடனே கோழிகளைக் கொட்டகைக்குள்ள அடைச்சா. படலைச் சாத்திக் கட்டுனா. செல்லையாவையே வாசல்ல நிறுத்திக் கால் கழுவச் சொன்னா.

"நான் என்ன கோழியா?"

"கோழியா இருந்தா உள்ளயே கெடப்பீங்க. ஊர் சுத்திட்டு வாரவருக்குத்தான் கழுவணும்."

அப்போ வந்தா மாடத்தி. கையில சட்டி. "ஏட்டி, படலைத் தொற. கறி கொண்டாந்துருக்கேன்."

வெள்ளத்தாயி படலுக்கு உள்பக்கமா வந்து நின்னா. "வேண்டாம் மதினி."

"என்னது?"

"சட்டி உள்ள வரவேண்டாம். நீங்களும்... இப்போ வரவேண்டாம்."

"அண்ணன் பொண்டாட்டியைப் படலுக்கு வெளிய நிறுத்துறியா? நான் குடுக்குறதை வேண்டாங்குறியா? யார் கோழிடி அதுக? என் கோழியைப் பாக்க எனக்கே தொறக்கமாட்டியா?"

தெருவே கூடிருச்சு. வெள்ளத்தாயி இடிக்குக் கூட இப்படி நடுங்கலை. ஆனா படல் கயித்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு சொன்னா: "உங்க கோழிதான் மதினி. அதனாலதான் தொறக்கமாட்டேன்."

மாடத்தி சட்டியை டங்குனு கீழ வச்சா. "பங்கு பிரிக்க வருவேன்ல, அன்னிக்குப் பாத்துக்கிடுறேன். இனி ஒண்ணு கொறஞ்சாலும் புள்ளிக்காரி என் கையில." சட்டியைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டா.

ஊரே வெள்ளத்தாயியைப் பேசுச்சு. "கொழுப்பு"ன்னுச்சு. செல்லையா, "உங்க அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிக்க?"ன்னான். அவ, "கொஞ்ச நாளைக்குக் கோழி மூஞ்சியில முழிங்க"ன்னுட்டா.

அப்புறம் ஊர்ல ஒவ்வொரு வீடா அமைதியாயிருச்சு. மாடத்தி முற்றமும் அமைதி. விடிஞ்சா கூவ ஒரு சேவல் இல்ல. வெயில் ஏறின பிறகுதான் ஜனங்க எந்திரிச்சாங்க. பஞ்சாரமெல்லாம் வெறுமனே கவுந்து கெடந்துச்சு.

ஒருநாள் விடியக்காலம். வெள்ளத்தாயி கொட்டகைக்குள்ள இருந்து ஒரு சத்தம். "கொக்... கர்ர்ர்..." நின்னுருச்சு. தொண்டை உடைஞ்ச சத்தம். மறுபடி, "கொக்கர்ர்ர்..." மறுபடி நின்னுருச்சு. மூணாவது தடவை,

"கொக்கரக்கோஓஓஓ!"

யாரு தெரியுமா? கடைக்குட்டி! சிரட்டையில போனதே, அது சேவல்! தெருவுல ஆளுக அப்படியே வாசல்ல வந்து நின்னுட்டாங்க. கூவுற பருவம் வந்தாச்சு, சொன்ன சொல்லு நிறைவேறியாச்சு. பருந்து தூக்குன அந்த ஒண்ணைத் தவிர ஒரு குஞ்சு கொறையலை.

மாடத்தியும் வந்தா. படலுக்கு வெளியவே நின்னா. யாரும் சொல்லலை, அவளாவே குடத்துத் தண்ணியைச் சாய்ச்சுக் காலைக் கழுவுனா. "உள்ள வரலாமாட்டி?"ன்னு கேட்டா. மாடத்தி அப்படிக் கேட்டு அந்த ஊர்ல யாரும் பாத்ததே இல்ல.

"வாங்க மதினி. உங்க பாதியைப் பிடிச்சுக்கோங்க. ஆனா இப்போ கொண்டுபோகாதீங்க. முதல்ல முற்றத்தைக் கூட்டி, பழைய வைக்கோலை எரிச்சு, சுண்ணாம்பு அடிங்க. அதுவரைக்கும் உங்க பங்கு இங்க பத்திரமா இருக்கும்."

மாடத்தி கொட்டகையைச் சுத்திப் பாத்தா. "புள்ளிக்காரி உனக்கேட்டி"ன்னா. அப்புறம் மெதுவா, "உன் பாதியில ஒரு பெட்டையையும் எனக்கு வாரத்துக்குத் தாரியா?"ன்னா.

வெள்ளத்தாயி புள்ளிக்காரியை மடியில வச்சுக்கிட்டு, மாடத்தி மாதிரியே இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டு சொன்னா: "தாரேன். பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. காப்பாத்தத் தெரியலேன்னா தூக்கிட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் உங்க வாசல்ல..."

"கோழி ரெக்கை கூட விழாது"ன்னு மாடத்தியே முடிச்சா. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கடைக்குட்டி பயந்துபோயி இன்னொரு தடவை கூவுச்சு.

அப்புறம் ஊர்ல எல்லாரும் வெள்ளத்தாயிகிட்ட வாரத்துக்குக் கோழி கேட்டு வந்தாங்க. அந்தப் பயந்தாங்கொள்ளிகிட்டதான்! குடுத்தா. ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி என்ன பண்ணுனா? அந்தப் பெரிய சாயப்பானையைத் தேய்ச்சுக் கழுவி, படலுக்கு முன்னால பாதி மண்ணுல புதைச்சு, அதுல சுண்ணாம்புத் தண்ணியை ஊத்தி வச்சா. ராஜா வந்தாலும் மதினி வந்தாலும் கால் கழுவிட்டுத்தான் உள்ள வரணும். அப்புறந்தான் அவ நிம்மதியாக் காலை நீட்டிப் படுத்தா.

என்ன, "ம்" காணோம்? எங்க பிசகுனேன்? சாயப்பானைதானே? மழை, மதினி, சேவல், பானை, சரியாத்தானே வந்துச்சு? வேணி? ஏ வேணி?

ஓ... தூங்கிட்டியா.

சரி. கதையும் காலைக் கழுவிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துருச்சு. படலைச் சாத்தியாச்சு. தூங்கு, என் கடைக்குட்டி, தூங்கு.